படியில் இறங்கினால் தொடை ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு 46 வயது. சில மாதங்களாக லிஃப்டைத் தவிர்த்துப் படி ஏறிப் பழகியிருக்கிறேன். இறங்குவதற்கு மட்டும் லிஃப்ட். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர, கால் வலித்ததில்லை. போன வாரம் லிஃப்ட் ஓடவில்லை. 12 மாடி இறங்க வேண்டியதாயிற்று, அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடை லேசாகப் பிடித்தது. அதற்கும் மறுநாள் நாற்காலியில் உட்காரவே எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'லாக்டிக் ஆசிட் தங்கிவிட்டது' என்கிறார் நண்பர். எனக்குப் புரியாதது இதுதான்: தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது என்று படித்திருக்கிறேன். இறங்கும்போது உடம்பு தன் எடையாலேயே கீழே போகிறது, முன்தொடை நீளத்தானே செய்கிறது? வேலையே செய்யாத தசை எப்படி வலிக்கும்? தசை சுருங்குகிறது என்றால் உள்ளே எதுதான் சுருங்குகிறது? இனி இறங்குவதைத் தவிர்த்துவிடலாமா? இரவில் சில சமயம் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதே, அதுவும் இதே விஷயம்தானா?

பதில்: உங்கள் தொடை அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. ஏறும்போது செய்வதைவிட முரட்டு வேலையை இறங்கும்போது செய்தது. நம்பிக்கை வராவிட்டால், வலி அடங்கியபின் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கீழிருந்து முதல் படியில் ஏறி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மற்றக் கையை, முழங்காலுக்கு நாலு விரல் மேலே முன்தொடையில் விரித்து வையுங்கள். அந்தக் காலிலேயே எடை முழுவதையும் நிறுத்தி, அடுத்த காலை மெதுவாக, மிக மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். நிற்கிற காலின் முழங்கால் மடங்க மடங்க, உள்ளங்கைக்குக் கீழே தசை கல்லாக இறுகுவது தெரியும். இன்னொரு பாதம் தரையைத் தொட்டு எடை மாறியதும் அதே தசை பொசுக்கென்று தளரும்.

முழங்கால் மடங்கும்போது முன்தொடைத் தசை நீளுகிறது, உண்மைதான். நீண்டுகொண்டே இருக்கும்போதும் அது விடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பு இல்லாவிட்டால் நீங்கள் படியில் இறங்க மாட்டீர்கள், விழுவீர்கள்.

ஒரு தசை நீளவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் எப்படி முடியும்? இங்கேதான் உங்கள் அடுத்த கேள்வி வருகிறது. உள்ளே எது சுருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவுமே சுருங்குவதில்லை.

முன்தொடைத் தசையை வெளியிலிருந்து உள்ளே பிரித்துக்கொண்டே போகலாம். மேலே ஒரு உறை. அதற்குள் கட்டுக்கட்டாகத் தசை. ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை. கட்டுக்குள் தசையிழைகள், ஒவ்வோர் இழைக்கும் மெல்லிய தனி உறை. இந்த உறைகள் எல்லாம் முனையில் ஒன்றாகத் திரண்டு தசைநாணாகி எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. இழை இழுத்தால் உறை இழுபடும், உறை இழுபட்டால் நாண் இழுபடும், நாண் எலும்பை அசைக்கும். இந்த உறைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலி என்று வரும்போது திரும்ப இவற்றிடம் வருவோம்.

ஒரு தசையிழை என்பது ஒரே ஒரு செல். உடம்பில் இருக்கும் விசித்திரமான செல்களில் இதுவும் ஒன்று. தடிமனில் தலைமுடி அளவு, அல்லது அதைவிட மெலிது. நீளமோ பல சென்டிமீட்டர் வரை போகும். சாதாரண செல்லில் ஒரு உட்கரு இருக்கும். இதில் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஓரமாக, சவ்வை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கும். கரு வளர்ச்சியின்போது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானதால்தான் இப்படி. நடுவிடம் முழுவதும் இழுக்கும் பொறிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பொறிதான் நுண்ணிழை. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், பெரிய செல்லானால் ஆயிரத்துக்கும் மேல், இந்த நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு முனைக்கு முனை ஓடும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமன். ஒரு மைக்ரோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்ணிழையும் ஒரே துண்டு கிடையாது. சார்கோமியர் என்ற சின்னச் சின்ன அலகுகள் தலையும் வாலுமாக வரிசையாகச் சேர்ந்ததுதான் அது. ஓய்வில் ஒரு சார்கோமியர் சுமார் 2.5 மைக்ரோமீட்டர் நீளம். கணக்குப் போட்டால், ஒரு சென்டிமீட்டர் நுண்ணிழையில் ஏறக்குறைய 4,000 சார்கோமியர்.

ஒவ்வொரு சார்கோமியருக்கும் இரண்டு பக்கமும் எல்லைச்சுவர் உண்டு. அதை இசட் கோடு என்பார்கள். இரண்டு சுவர்களிலிருந்தும் மெல்லிய இழைகள் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இவை ஆக்டின் என்ற புரதத்தால் ஆனவை. நடுவே, எந்தச் சுவரையும் தொடாமல், தடித்த இழைகள் இருக்கும், இவை மயோசின். ஒவ்வொரு தடித்த இழையைச் சுற்றியும் ஆறு மெல்லிழைகள். மெல்லிழைகளின் நுனி தடித்த இழைகளின் இடுக்குகளில் கொஞ்ச தூரம் நுழைந்திருக்கும். நுண்ணோக்கியில் தசை வரிவரியாகத் தெரிவது இதனால்தான்: தடித்த இழைகள் இருக்கும் இடம் கறுப்புப் பட்டை, மெல்லிழைகள் மட்டும் இருக்கும் இடம் வெளிர் பட்டை.

தசை சுருங்கும்போது இந்தப் பட்டைகள் என்ன ஆகின்றன என்று கவனித்துத்தான் விடை கிடைத்தது. அதுவரை, புரத இழைகளே மடிந்தோ சுருண்டோ குட்டையாகின்றன என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1954 மே மாதம் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கியும். அவர்கள் தவளையின் உயிருள்ள தசையிழையைப் பார்த்தார்கள். மற்றொன்றை எழுதியவர்கள் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். அவர்கள் முயலின் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளைப் பார்த்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. இருவரையும் ஒரே ஆள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு குழுவும் கண்டது ஒன்றுதான். தசை சுருங்கினாலும் நீண்டாலும் கறுப்புப் பட்டையின் அகலம் மாறவில்லை. வெளிர் பட்டைதான் குறுகியது, நீண்டது. அப்படியானால் தடித்த இழையின் நீளம் மாறவில்லை, மெல்லிழையின் நீளமும் மாறவில்லை. மெல்லிழைகள் தடித்த இழைகளுக்கு இடையே இன்னும் ஆழமாகச் சறுக்கி நுழைகின்றன. இரண்டு பக்கச் சுவர்களும் நெருங்கி வருகின்றன. ஒவ்வொரு சார்கோமியரிலும் சுவர்கள் அரை மைக்ரோமீட்டர் நெருங்கினால் போதும்: 4,000 சார்கோமியர் சேர்ந்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டர் குறுகிவிடும். முழங்கால் நிமிர அது தாராளம்.

சறுக்க வைப்பது யார்? மயோசின் மூலக்கூறுகளுக்குத் தலை உண்டு, ஒன்றுக்கு இரண்டு. ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் கட்டாக இருக்கும். அவற்றின் தலைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு தலை பக்கத்து ஆக்டினைப் பற்றும், மடங்கும், அந்த மடங்கலில் மெல்லிழையை 5 முதல் 10 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) நடுவை நோக்கி இழுக்கும், விடும், நிமிரும், அடுத்த இடத்தில் பற்றும். கிணற்றில் வாளிக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பதுபோலத்தான். ஒரு கை விடும்போது இன்னொரு கை பிடித்திருப்பதால் கயிறு நழுவுவதில்லை. இங்கே ஒரு இழைக்கே நூற்றுக்கணக்கான கைகள், ஒவ்வொன்றும் தன் போக்கில், ஒன்றுக்கொன்று தாளம் சேராமல் வேலை செய்யும். தாளம் சேராததால்தான் இழுப்பு சீராக இருக்கிறது.

இந்தச் சுழற்சியில் எரிபொருள் எங்கே செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் 'இழுக்கும்போது' என்பார்கள். பாதிதான் சரி. செல்லின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினை விடவே செய்யும். விட்ட பிறகு அந்த ஏடிபி உடைந்து தலையை நிமிர்த்தித் தயார் நிலையில் வைக்கிறது. தலை மறுபடி பற்றியதும், உடைந்த துண்டுகள் வெளியேற, தலை மடங்கி இழுக்கிறது. ஆக, பிடித்ததை விடுவதற்கும் ஏடிபி வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைப்பது இதனால்தான்: புதிதாக ஏடிபி உண்டாவதில்லை, பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. ஓரிரு நாளில் புரதங்களே சிதையத் தொடங்கிய பிறகுதான் அந்த விறைப்பு தளர்கிறது.

அப்படியானால் உயிரோடு இருக்கும்போது, ஏடிபி தாராளமாக இருக்கும்போது, தலைகள் ஏன் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பதில்லை? பூட்டு ஒன்று இருக்கிறது. ஆக்டின் இழையின் மேல் ட்ரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்துக்கொண்டு, தலைகள் பற்ற வேண்டிய இடங்களை மறைத்திருக்கும். அதை நகர்த்துவது ட்ரோபோனின் என்ற இன்னொரு புரதம். ட்ரோபோனினை அசைப்பது கால்சியம். 1960களில் ஜப்பானியர் செட்சுரோ எபாஷி இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இத்தனை பெரிய வேலைக்கு வெறும் கால்சியம்தான் கட்டளையா என்று இருந்தது அவர்களுக்கு. கடைசியில் அவர் சொன்னதுதான் நிலைத்தது.

நடப்பது இப்படி. தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பின் நுனி தசையிழையின் மேல் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சொட்டுகிறது. இழையின் சவ்வில் ஒரு மின் அலை கிளம்பி இரு முனைக்கும் ஓடுகிறது. சவ்விலிருந்து நுண்குழாய்கள் செல்லின் உள்ளே துளைத்துப் போவதால், அலை ஆழத்தில் இருக்கும் நுண்ணிழைகளையும் எட்டுகிறது. நுண்ணிழைகளைப் பின்னிப் படர்ந்திருக்கும் பைகளின் கதவு திறந்து கால்சியம் கொட்டுகிறது. செல்லுக்குள் அதன் அளவு ஓய்வில் இருந்ததைப்போல் நூறு மடங்கு வரை ஏறுகிறது. பூட்டு திறந்து தலைகள் பற்றுகின்றன. இது எல்லாம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள். நரம்பு ஓய்ந்ததும் பம்புகள் கால்சியத்தைப் பைகளுக்குள் திரும்ப இறைக்கின்றன. இந்த இறைப்புக்கும் ஏடிபி செலவாகிறது. தசை தளர்வதும் இலவசமாக நடப்பதில்லை.

இந்த வரிசை முழுவதிலும் 'குறுகு' என்ற கட்டளை எங்கேயும் இல்லை. நரம்பு சொல்வது 'இழு' என்பது மட்டும்தான். இழுத்த பிறகு தசை குறுகுமா, அப்படியே நிற்குமா, நீளுமா என்பதை எதிரே இருக்கும் சுமை முடிவு செய்கிறது. சுமை தசையின் இழுப்பைவிடக் குறைவாக இருந்தால் தசை குறுகும்: நீங்கள் படி ஏறும்போது முன்தொடை செய்வது இது. இரண்டும் சமமாக இருந்தால் நீளம் மாறாது: அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் அசையாமல் நிற்கும்போது இது. சுமை அதிகமானால் தசை இழுத்துக்கொண்டே நீளும்: இதுதான் படி இறங்குவது, மெதுவாக நாற்காலியில் அமர்வது, தூக்கிய எடையைக் கீழே வைப்பது. மூன்றிலும் கால்சியம் ஒன்றுதான், பூட்டு ஒன்றுதான், தலைகள் பற்றுவதும் ஒன்றுதான்.

மூன்றாவது வகையில்தான் சுவாரஸ்யம். நீளும் தசையில் மயோசின் தலை ஆக்டினைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே, சுமை அந்த ஆக்டினைப் பின்னுக்கு இழுக்கிறது. தலை மடங்கி முடிக்க வழியில்லை. அது நீட்டப்பட்டு, கடைசியில் பிய்ந்து விடுபட்டு, உடனே பக்கத்தில் மறுபடி பற்றுகிறது. பிய்ந்து விடுபட்டதற்கு ஏடிபி தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? அதனால் நீளும் தசை அதிக விசை தாங்குகிறது, ஆனால் எரிபொருள் குறைவாகவே கேட்கிறது. தசையால் தானாகத் தூக்க முடிகிற சுமையைவிடக் கூடுதல் சுமையை அதனால் மெதுவாக இறக்க முடிவது இதனால்தான்.

1952ல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் லண்டனில் இதை அழகாகக் காட்டினார்கள். நிலையாக நிறுத்திய இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் மிதிக்க வேண்டும். மற்றவருடைய பெடல் பின்னோக்கிச் சுற்றும். அவர் அதைத் தடுத்து எதிர்க்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஒருவரின் தசை குறுகிக்கொண்டு இழுக்கிறது, மற்றவரின் தசை நீண்டுகொண்டு இழுக்கிறது. மிதித்தவர் மூச்சிரைக்க, எதிர்த்தவர் சாவகாசமாக இருந்தார். உட்கொண்ட ஆக்சிஜனை அளந்தபோது எதிர்த்தவரின் செலவு மிகக் குறைவு.

நீங்கள் ஏமாந்தது இங்கேதான். 12 மாடி இறங்கியபோது மூச்சு வாங்கவில்லை, அதனால் கால் உழைக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். மூச்சு காட்டுவது எரிபொருள் செலவை மட்டும். இழைமேல் விழும் இழுவிசையை அது காட்டாது. போதாக்குறைக்கு, இறங்கும்போது மூளை ஏறும்போது கூப்பிடுவதைவிடக் குறைவான இழைகளைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறது. சுமை அதே சுமை, தாங்க வந்த ஆட்கள் குறைவு. ஒவ்வோர் இழைக்கும் பங்கு கூடிவிடுகிறது.

ஒரு தசையிழையில் இருக்கும் பல்லாயிரம் சார்கோமியர்களும் ஒரே பலம் கொண்டவை அல்ல. இழை நீட்டப்படும்போது பலவீனமானவை மற்றவற்றைவிட அதிகமாக நீள்கின்றன. நீள நீள ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நீளம் குறைகிறது. பற்ற முடிகிற தலைகளும் குறைகின்றன. ஆகவே அந்தச் சார்கோமியர் இன்னும் பலவீனமாகிறது, இன்னும் நீள்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு இழைகளும் முழுக்கப் பிரிந்தே போகலாம். அப்போது மிச்சம் பிடித்திருப்பது டைட்டின். மனித உடலின் மிகப் பெரிய புரதம் இது: 30,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. சுவரிலிருந்து சார்கோமியரின் நடுக்கோடு வரை ஓடி, தடித்த இழையை நடுவிலேயே நிறுத்தி வைப்பதும், அளவுக்கு மீறி நீண்டதைத் திரும்ப இழுத்து வருவதும் அதன் வேலை. தசை தளர்ந்ததும் பெரும்பாலான சார்கோமியர்கள் இப்படிப் பழையபடி சேர்ந்துகொள்கின்றன. சில சேர்வதில்லை. ஒரு படிக்கு ஒன்றிரண்டு என்றால்கூட, 12 மாடி, இரண்டு நடை என்று கூடிக்கொண்டே போகும்.

படி இறங்கியே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1981ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், படிகளில் திரும்பத் திரும்ப இறங்கிக் கால் வலி கண்டவர்களிடமிருந்து சிறு தசைத் துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நேராக இருக்க வேண்டிய இசட் கோடுகள் அங்கங்கே நெளிந்து, அகன்று, சில இடங்களில் குலைந்தே போயிருந்தன. உங்கள் தொடையிலும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கும்.

பிறகு ஏன் அன்றைக்கே வலிக்கவில்லை? நுண்ணிழைக்கு உணர்வு கிடையாது. வலியை உணரும் நரம்பு நுனிகள் இருப்பது முன்பு நான் நினைவில் வைக்கச் சொன்ன உறைகளில். உள்ளே குலைந்த இடத்தில் முதலில் கால்சியம் கசிகிறது, சிதைந்த புரதம் வெட்டி அகற்றப்படுகிறது, துப்புரவுக்கு வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன, நீர் கோத்து லேசாக வீங்குகிறது. அந்த வேலையில் வெளிப்படும் வேதிப்பொருள்கள் உறையில் இருக்கும் நரம்பு நுனிகளைக் கூச்சப்பட வைக்கின்றன. அதற்கப்புறம் சாதாரண அசைவும் லேசான அழுத்தமும்கூட வலியாகத் தெரியும். இது கூடிவர ஒரு நாள் ஆகும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஐந்தாறு நாளில் அடங்கும். அசையாமல் இருந்தால் வலிக்காது, உட்கார்ந்தால் எழுந்தால் உயிர் போகும் என்று நோயாளிகள் சொல்வது இந்த வலியைத்தான்.

லாக்டிக் ஆசிடைப் பற்றி உங்கள் நண்பரிடம் மென்மையாகச் சொல்லுங்கள். வேகமாக உழைக்கும்போது தசையில் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) கூடும், வாஸ்தவம். ஆனால் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து வலிக்க அங்கே எதுவும் தங்கியிருக்காது. 1983ல் ஒரு ஆய்வில் சிலரைச் சமதளத்திலும் சிலரைச் சரிவில் கீழ்நோக்கியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, பிந்தைய வலி வரவில்லை. சரிவில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. உங்கள் அனுபவமும் இதேதான்: மூச்சு வாங்க ஏறிய நாள்களில் வலி இல்லை, சுலபமாக இறங்கிய நாளுக்குப் பிறகு வலி. உண்மையில், தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்தான் இந்தப் பிந்தைய வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே எழுதிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஜிம்மில் லாக்டிக் ஆசிட் கதைதான் ஓடுகிறது.

இறங்குவதைத் தவிர்க்கலாமா என்றால், வேண்டாம். தவிர்த்ததால்தான் இந்த நிலை. மாதக்கணக்கில் ஏறுவதற்கு மட்டும் தசையைப் பழக்கிவிட்டு, ஒரே நாளில் 24 மாடி இறக்கியிருக்கிறீர்கள். இந்தக் காயம் வேகமாக ஆறக்கூடியது. சிதைந்த இடத்தில் புதுச் சார்கோமியர்கள் கட்டப்படுகின்றன. சேதம் பெரிதானால், தசையிழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் துணைச் செல்கள் விழித்துப் பெருகி இழையோடு சேர்கின்றன. இன்னும் நல்ல செய்தி, ஒரு தடவை இப்படி வலி கண்ட தசை அடுத்த தடவை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். எனவே வலி நன்றாகக் குறைந்ததும் இரண்டு மாடி மட்டும் இறங்கிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். வாரம் ஒன்றிரண்டு மாடி கூட்டிக்கொண்டு போகலாம். படி கிடைக்காத நாளில், நாற்காலியில் உட்காரும்போது தொப்பென்று விழாமல் நாலைந்து எண்ணிக்கைக்குள் மெதுவாக இறங்குங்கள். பத்து தடவை செய்தால் அதே தசைக்கு அதே பயிற்சி.

வலி இருக்கும் நாள்களில் முழு ஓய்வு தேவையில்லை. சமதளத்தில் நிதானமாக நடந்தால் வலி தற்காலிகமாக மட்டுப்படும். கைகால் நீட்டும் பயிற்சிகள் இந்த வலியைத் தடுக்கவோ குறைக்கவோ பெரிதாக உதவுவதில்லை. செய்தால் கெடுதலும் இல்லை, இழுத்து முறுக்காதவரை. ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இரண்டு மூன்று நாள் தசை வலுக் குறைந்திருக்கும், முழங்கால் திடீரென்று மடங்கலாம். அந்த நாள்களில் படி இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

கெண்டைக்கால் இழுப்பு வேறு விஷயம். அங்கே தசை சேதமாவதில்லை; அந்தத் தசைக்குப் போகும் நரம்பு, நீங்கள் கேட்காமலே, அடுக்கடுக்காக 'இழு' என்று கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இழுத்த தசையை நீட்டுவதுதான் கைவைத்தியம்: முழங்காலை நிமிர்த்தி, பாதத்தை உங்கள் பக்கமாக மேல்நோக்கி மடக்கி, அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். சில சமயம் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். வாரத்தில் பல இரவு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

தொடை வலிக்காகவும் எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தொடை கடுமையாக வீங்கிக் காலைத் தூக்கவே முடியாவிட்டால், அன்றைக்கே போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். தசை பெருமளவில் சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலக்கும்போது அப்படி ஆகும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலும் இதைத் தசை வலி என்று விட்டுவிடாதீர்கள், அது ரத்தக்குழாயில் உறைவாக இருக்கலாம். கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்து, எந்த உழைப்பும் இல்லாமலே இரண்டு தொடையும் வலிக்கத் தொடங்கினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் தாண்டியும் வலி குறையாவிட்டால், அல்லது ஒரே புள்ளியில் குத்துகிற மாதிரி இருந்தால், அதைப் படியிறங்கிய கணக்கில் சேர்க்காமல் யாரிடமாவது நேரில் காட்டிவிடுங்கள்.